உடைத்த சம்பா

திருச்சியில் அந்த மருத்துவ அம்மையார் நோயின் பெயரைச் சொல்லி, இதற்கு மாத்திரை கிடையாது, விலக்கே மருந்து என்று விளக்கி முடித்தபோது, அழகுமலை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆண்டுக்கணக்காக நெஞ்சின்மேல் கிடந்த பாறை ஒரே சொல்லில் உருண்டு விழுந்தால் மனிதன் வேறு என்ன செய்வான்?

"கோதுமை மட்டுந்தாங்களா டாக்டரம்மா? நாங்க கீரமங்கலம் பக்கமுங்க. நெல்லுக்காரங்க. எங்க மண்ணுல கோதுமை மொளைக்கவே மொளைக்காது. இந்த நோயி விலாசம் மாறி எங்க வீட்டுக்கு வந்துருச்சு போல."

அம்மையார் சிரிக்கவில்லை. சீலியாக் என்னும் அந்த நோயை மறுபடியும் பொறுமையாக எடுத்துரைத்தார். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருளை அவர் மனைவி சுகுணாவின் உடம்பு பகையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அழிவதோ அவளுடைய குடலின் உட்சுவர். உண்ட சோறு உடம்பில் ஒட்டாமல் ஓடுவது அதனால்தான். "வயல்ல இல்லன்னாலும் வீட்டுல இருக்கும்ங்க. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான். ஒரு துணுக்குப் போனாலும் போனதுதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் தாராளமா சாப்பிடலாம்."

அரிசி தாராளமாக என்ற சொல்லோடு அழகுமலையின் செவி அடைத்துக்கொண்டது. பக்கத்தில் எலும்புக்குமேல் சேலை சுற்றினாற்போல் அமர்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இவளைச் சோறு போட்டே பிழைக்க வைத்துவிடலாம் என்று அந்தக் கணத்தில் உறுதியாக நம்பினார்.

நம் பக்கத்தில் நோயாளியின் உணவு எது? சோறு கனம், கோதுமை லேசு என்பது ஊரறிந்த மருத்துவம். சுகுணா மெலியத் தொடங்கிய நாள்முதல் அவளைப் பார்க்க வந்தவர் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ரொட்டியும் ரஸ்க்கும் வந்தன. பாலில் கலக்கும் மால்ட் மாவு புட்டி புட்டியாக வந்தது. எட்டுவகைத் தானியம் போட்டு அரைத்த சத்துமாவு வந்தது. ஊராரின் அன்பெல்லாம் கோதுமை வடிவம் தாங்கி வந்து அவள் குடலை அரித்தது. அது போதாதென்று அவள் தெய்வத்தையும் துணைக்கு அழைத்தாள். உடம்பு தேற வேண்டிச் சஷ்டி விரதம் பிடித்தாள். விரத நாளில் சோறு ஆகாது. ரவை உப்புமாதான் பலகாரம். தேற வேண்டிப் பிடித்த விரதத்தில் உடம்பு மேலும் தேய்ந்தது.

திருச்சியிலிருந்து திரும்பிய மறுநாளே அழகுமலை வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். ரேஷனில் வாங்கிய கோதுமை மாட்டுக்காரர் வீட்டுக்குப் போயிற்று. சப்பாத்திக் கட்டை விறகாயிற்று. சுகுணாவுக்கென்று புதுத் தோசைக்கல், புதுக் குண்டான், புதுக் கரண்டி வந்தன. அதுவரை அடுப்படி வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்வதற்கு மட்டுமே உள்ளே போனவர், அவள் எழுந்து நிற்க மாட்டாத நிலையில், தாமே உலை வைக்கக் கற்றுக்கொண்டார். மகள் கார்த்திகா ஓசூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் வேறு கை இல்லை.

உதவிக்கு இருந்த ஒரே குரல் சொர்ணவல்லியுடையது. சுகுணாவின் தங்கை, அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டவள், கணவன் குவைத்தில். நாளும் போனில் கூப்பிட்டு, முதல் கேள்வியாக "மச்சான், அக்கா சாப்புட்டுச்சா?" என்பாள்.

ஒருநாள் அவள் கூப்பிட்ட வேகத்தில் நலம்கூட விசாரிக்கவில்லை. "மச்சான், பெருங்காய டப்பாவத் திருப்பிப் படிச்சீங்களா?"

"பெருங்காயத்துல என்னடி படிக்க இருக்கு?"

"பொடி எழுத்துல போட்டுருக்கான் பாருங்க. கட்டி பிடிக்கிறதுக்கு மைதா சேக்குறானாம். ஒங்க சாம்பார், ரசம் எல்லாத்துலயும் மைதாவக் கரைச்சுல்ல ஊத்திக்கிட்டு இருக்கீங்க!"

அழகுமலை கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்தார். இருந்தது. டப்பாவைக் கிணற்றடியில் வீசியெறிந்தார்.

"நீ இல்லன்னா கெட்டேன் சொர்ணம்."

"என்ன கொடுமையப் பாருங்க. ஒங்க சகலை அங்கிட்டு மூணு வேளையும் குப்பூஸ் ரொட்டியாத் தின்னு தொப்பை போட்டுருக்காரு. எங்க அக்காவுக்கு இங்கிட்டு ஒரு சிட்டிகை ஆகல."

பெருங்காயமும் ஒழிந்த அந்த நாள்களில் சுகுணா உண்மையாகவே சற்றுத் தேறினாள். வயிற்றுப்போக்கு தணிந்தது. கிணற்றடிவரை நடந்து வந்து, மல்லிகைப் பாத்தியில் களை மண்டிக் கிடப்பதைப் பார்த்து, "என்னயப் பாக்குற சாக்குல கொல்லையக் கோட்டை விட்டுட்டீங்களே" என்று குறை சொன்னாள். அந்தக் குறை அழகுமலையின் காதில் வாழ்த்தாக விழுந்தது. இன்னும் விரைவில் தேற்றிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்தது. ஆசையே வினையாகும் என்று பெரியோர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அன்பும் வினையாகும் என்று யார் சொல்லி வைத்தார்கள்?

கீரமங்கலத்தில் ராசு மளிகைக்கடை அவருக்குப் பழக்கமானது. ராசு உறவுமுறைக்காரன்; வாய்த்துடுக்கு உண்டு.

"வாங்க மாமா. அத்தைக்கு அடுப்படியிலேருந்து ரிட்டையர்மெண்டு, ஒங்களுக்கு அடுப்படிக்கு டிரான்ஸ்பரா?"

"சிரிய்யா, சிரி. ஒனக்கும் ஒரு நாளு வரும். கஞ்சிக்கு லேசா, தெம்பா என்ன இருக்கு? நல்ல நொய்யி இருக்கா?"

"நொய்யெல்லாம் இப்பக் கோழிக்குத்தான் மாமா வாங்குறாக. ஒடைச்ச சம்பா இருக்கு. ஒடம்பு முடியாதவுகளுக்கெல்லாம் அதான் போவுது."

சம்பா! அந்தச் சொல்லைக் கேட்டதும் அழகுமலைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவருக்குச் சம்பா என்றால் ஐப்பசி மழையில் நனைந்து, தை வெயிலில் தலைசாய்ந்து நிற்கும் நெல். இப்போதெல்லாம் கண்மாயில் தண்ணீர் நிலைப்பதில்லை. குறுகிய கால நெல்லே விதைக்கிறார். அதில் சோறு உண்டு, சாரம் இல்லை என்பது அவர் கொள்கை. சம்பா உண்டவன் உடம்பு சாயாது என்று நம்பும் குடியில் பிறந்தவர். கோதுமை கலந்ததா என்று ராசுவிடம் அவர் கேட்கவில்லை. கண்ணெதிரே சூரியன் நிற்கையில் விடிந்ததா என்று யார் கேட்பார்? நோயின் பெயரைச் சொல்லி, அதென்ன நோய் என்று கேட்பவருக்கெல்லாம் விளக்கிச் சலித்தும் போயிருந்தார்.

ராசு மூட்டையிலிருந்து அள்ளிப் பையில் கொட்டிக் கொடுத்தான். மேலே சீட்டில்லை, எழுத்தில்லை. செந்நிறம். சிவப்புச் சம்பா என்று அழகுமலை மகிழ்ந்தார். ஒரு கை அள்ளி மோந்தால் நெல்லின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பேரெடுத்தவர், அன்றும் மோந்து பார்த்தார். பழக்கமில்லாத ஒரு வாடை அடித்தது. பழைய சரக்கு, சாக்கு வாடை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "ஒனக்குன்னு சம்பா நொய்யி வாங்கியாந்துருக்கேன்" என்றார்.

கடைக்காரன் சொன்னது உடைச்ச சம்பா. அவர் சொன்னது சம்பா நொய். வழியில் ஒரு சொல் மாறிற்று. மாறியதை அவரே அறியவில்லை. நொய் என்றால் குருணை அரிசி என்பது சுகுணாவுக்குத் தெரியும். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தானியத்தை அவர் தனித் தகரடப்பாவில் போட்டு, வேறு மாவுத்தூசி படாதிருக்க மூடி இறுக்கி, உயரத்தில் வைத்தார். வேளைதோறும் எடுத்து, பக்குவமாக வறுத்து, மைபோல் குழைய வேகவைத்து, மோர் ஊற்றி ஆற்றி, தாமே லோட்டாவில் கொண்டுவந்து கொடுப்பார். கோயில் நிவேதனத்துக்குக்கூட அத்தனை ஆசாரம் இராது.

முதல் வாய் குடித்துவிட்டுச் சுகுணா முகர்ந்து பார்த்தாள். "ஏங்க, இது என்னமோ சஷ்டி உப்புமா மாதிரி மணக்குதுங்க."

"நாக்கு செத்துப்போயி ஒனக்கு உப்புமா நெனப்பு. சம்பாம்மா இது. மூஞ்சியச் சுழிக்காமக் குடி."

அவள் குடித்தாள். அன்றுமட்டுமன்று, நாள்தோறும் குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நிற்பார் என்பதற்காகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வயிறு மறுபடி கடுத்தது. கால் வீங்கிற்று. சீப்பில் முடி கொத்தாக வந்தது. அவள் தேயத் தேய, அவர் கஞ்சியின் அளவைக் கூட்டினார்.

மறுபரிசோதனைக்குத் திருச்சிக்குப் போனார்கள். ரத்த அறிக்கையைப் பார்த்த மருத்துவ அம்மையாரின் முகம் மாறிற்று.

"ரத்தத்துல கோதுமைக்கு எதிர்ப்புக் காட்டுற அளவு கொஞ்சங்கூட இறங்கலைங்களே. கோதுமை உள்ள போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"சத்தியமா இல்லைங்க டாக்டரம்மா. நானே கைப்பட ஆக்கிப் போடுறேன்."

"நீங்க சொல்றது உண்மைன்னா அது இன்னும் பயமான விஷயம். விலக்குக்கும் அடங்காத வகைன்னு ஒண்ணு அபூர்வமா இருக்கு. அது குடல்ல வேற நோயாவும் திரும்பலாம். கொஞ்ச நாள் இன்னும் கண்டிப்பா இருந்துட்டு வாங்க. அப்பவும் இறங்கலன்னா மறுபடி குழாய் விட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்."

வேற நோய் என்று அவர் சொன்னது புற்றுநோயை என்பது இருவருக்கும் விளங்கிற்று.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினார்கள். சன்னலோரம் சாய்ந்திருந்த சுகுணாவின் மூடிய இமைகளை அழகுமலை பார்த்துக்கொண்டே வந்தார். அடங்காத வகை என்றால் இவள் இருக்கமாட்டாள். அப்படி இருக்கக்கூடாது. அப்படியானால் இவள் எங்கேயோ தின்கிறாள். இரண்டில் ஒன்றுதானே உண்மை? அஞ்சிய மனம் தனக்குத் தாங்கக்கூடிய உண்மையைத் தேர்ந்துகொண்டது. அவள் சாவதைவிட அவள் திருடித் தின்பதே மேல்.

ஆலங்குடி தாண்டியதும் கேட்டுவிட்டார். "திருவரங்குளத்துக்குப் பிரதோசத்துக்குப் போனோமே, யாரோ கேசரி குடுத்தாகளே. அத என்ன பண்ணுன?"

சுகுணா கண் திறந்தாள். "கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல நின்ன புள்ள கையில குடுத்தேன். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

"நான் பிரதட்சணம் போயிருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். "சாமி குடுத்தத வேணாம்னு சொன்ன பாவத்தை நான் சொமக்கிறேன். அதத் தின்னேங்கிற பழியையும் சொமக்கணுமா?"

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வீடு சேர்ந்ததும் சொர்ணவல்லியைக் கூப்பிட்டார். இடையில் ஒருமுறை சுகுணா அறந்தாங்கியில் தங்கி வந்திருந்தாள்.

"அக்கா மேல பாசம்னு சொல்லி என்னத்தையெல்லாம் ஊட்டி அனுப்புன?"

"என்ன மச்சான் பேசுறீங்க? அக்காவுக்குன்னு ஒல வச்ச பானைகூடப் புதுசு மச்சான்."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதா? ரெண்டு பேரும் சேந்து என்னயக் கிறுக்கனாக்குறீங்களா?"

சொர்ணவல்லி போனை வைத்துவிட்டாள். அதன்பின் அக்கா சாப்பிட்டதா என்று கேட்டு அந்த வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. சுகுணா கஞ்சியை மறுக்கவில்லை. கொடுத்தபோது வாங்கினாள், குடித்தாள், வெறும் லோட்டாவைக் கவிழ்த்துக் காட்டினாள். குற்றமில்லை என்று மெய்ப்பிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

புட்டுக்கு அரிசிமாவு தீர்ந்துபோன ஒரு காலைப்பொழுதில், அழகுமலை ஊறவைத்து உலர்த்திய அரிசியைத் தூக்கிக்கொண்டு கீரமங்கலம் மாவு மில்லுக்குப் போனார். மில்லும் ஒரு கண்ணி என்பதை முன்பே அறிந்து வைத்திருந்தார். கோதுமை ஓடிய இயந்திரத்தில் அடுத்து அரிசி ஓடினால், உள்ளே ஒட்டிய மாவு அரிசியில் கலக்கும். ஆகவே எப்போதும் முதல் ஆளாகப் போய்விடுவார். அன்று சுகுணாவுக்கு விடியலில் மயக்கம் வந்ததால் தாமதமாகிவிட்டது.

மில்காரர் அய்யாக்கண்ணு புருவமெல்லாம் வெண்மாவு பூசி நின்றிருந்தார். எடைத்தட்டருகே, ஒரு தூக்குவாளியோடு கிழவி ராக்காயி.

"வாங்கண்ணே. ஒங்க பத்தியச் சாமானா? இன்னிக்கு லேட்டாயிருச்சே. கோதுமை ரெண்டு பேருக்கு ஓட்டிட்டேன்."

அழகுமலை பையைக் கீழே வைக்காமலே நின்றார். "அடுத்து என்ன ஓடுது?"

"ராக்காயி சம்பா. அப்பறம் நீங்கதான்."

அவர் முகம் தெளிந்தது. "அப்பச் சரி. சம்பா நல்லா ஓடட்டும். உள்ள ஒட்டியிருக்குற கோதுமையெல்லாம் அது தொடச்சுக்கிட்டுப் போயிரும். பெறகு என்னோடதப் போடுங்க."

அய்யாக்கண்ணு இயந்திரத்தின் ஓசைக்கு மேலே சிரித்தார். "என்னண்ணே, கோதுமையக் கோதுமைய வச்சா தொடைப்பாக?"

"சம்பாவுக்கும் கோதுமைக்கும் என்னய்யா?"

"இது நல்லாருக்கே," என்றாள் ராக்காயி. "எங்க வீட்டு மனுசனுக்குச் சுகரு ஏறிப்போயி, சோத்தக் கொறைச்சுச் சம்பாக் கோதுமையத் திங்கச் சொல்லியிருக்காக. வயல்ல நின்னே காலத்தக் கழிச்சீரு, சம்பாக் கோதுமை தெரியாதா ஒமக்கு? நெல்லுல சம்பா இருந்தாக் கோதுமையில இருக்கக்கூடாதா? பேரு என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழகுமலை தூக்குவாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நீண்டு சிவந்த மணிகள். உடைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. இயந்திர வாயிலிருந்து இன்னும் இறங்கும் சூடான கோதுமை மாவை மோந்தார். பழைய சரக்கு என்று ஒதுக்கிய அதே வாடை. சுகுணா முதல்நாளே பெயர் சொல்லி அடையாளம் காட்டிய வாடை.

"அண்ணே, ஒங்க அரிசி?" என்று அய்யாக்கண்ணு கூப்பிட்டது கேட்டது. பை மில்லிலேயே கிடந்தது.

வீட்டில் சுகுணா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடியலில் அவர் காய்ச்சி வைத்துப் போன கஞ்சி லோட்டா அவள் கையில். வாய்க்குக் கொண்டுபோகும் நேரம். அவர் விரைந்து வந்து பிடுங்கிய வேகத்தில் பாதி அவள் மடியில் சிந்திற்று. அவள் பதறவில்லை. இதற்கும் ஏதோ குற்றச்சாட்டு வரப்போகிறது என்று காத்திருப்பவள்போல் நிமிர்ந்து பார்த்தாள்.

லோட்டாவைத் தரையில் வைத்தார். உயரத்திலிருந்த தகரடப்பாவை இறக்கி, மூடி திறந்து, அவள்முன் வைத்தார். வாங்கிய நாள்முதல் அன்றுதான் அவள் அதை நேரில் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்தாள்.

"இது கோதுமைங்க."

அவர் தலையசைத்தார்.

"கடையில என்னன்னு சொல்லிக் குடுத்தான்?"

"ஒடைச்ச சம்பான்னான்."

"நீங்க வந்து என்ன சொன்னீங்க?"

"சம்பா நொய்யின்னேன்."

சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள். "அவஞ்சொன்ன வார்த்தைய அப்புடியே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. முடித்து என்ன ஆகப்போகிறது? விரலில் ஒட்டிய துகளைச் சேலைத்தலைப்பில் மெல்லத் துடைத்தாள். பிறகு சேலையையும் பார்த்தாள். அது முழுக்கக் கஞ்சி.

அழகுமலை தம் கைகளைப் பார்த்தார். மண்ணில் இட்டதை முளைக்கவைத்த கைகள். பகைவன் ஒருவனும் தேவைப்படாதபடி, வேளை தவறாமல், ஆற்றி, அளந்து, நின்று பார்த்துக் கொடுத்த கைகள். இறைவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். அவள் நோயைத் தமக்குத் தரும்படிகூடக் கேட்டிருக்கிறார். தம் கையைப் பிடித்து நிறுத்தும்படி கேட்கத் தோன்றவில்லையே.

"டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்றேன்," என்றார். "அடங்காத வகையா இருக்காது சுகுணா. இதாத்தான் இருக்கும். இத நிப்பாட்டுனாத் தேறிரும்." சொல்லச் சொல்ல அது வேண்டுதலா உறுதியா என்று அவருக்கே விளங்கவில்லை. இத்தனை நாள் அரித்த குடல் எந்த அளவில் மிஞ்சியிருக்கிறது என்பதை யார் சொல்ல வல்லார்? இனி எந்தப் பொருளின் எந்தப் பெயரை நம்புவது?

"டாக்டரம்மாவுக்குப் பெறகு சொல்லலாம்," என்றாள் சுகுணா. "அப்ப நான் திருடித் திங்கல."

"இல்ல."

"எந்தங்கச்சி ஊட்டல."

"இல்ல."

"அத மொதல்ல அவளுக்குச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். சொர்ணவல்லியின் பெயரைத் தேடி அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தார். எடுக்காதிருந்தால் நன்று என்றுகூட நினைத்தார். எடுத்தாள். கோபத்தை விழுங்கிய குரலில், வழக்கம் மாறாமல் சொர்ணவல்லி கேட்டாள்.

"சொல்லுங்க மச்சான். அக்கா சாப்புட்டுச்சா?"

ஊரில் எவரும் எவரையும் கேட்கும் கேள்விதான். கீழே வைத்த லோட்டாவை அழகுமலை மற்றக் கையால் எடுத்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

சுகுணா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் இல்லடி," என்றாள்.